தராசு கிருஷ்ணமணி பிரேக் கம்பு எடுத்த கதை

மயிலாடியில் உளி பிடித்தவன் எவனுக்கும் அப்பன் வைத்த பெயர் ஒன்று, பட்டறை வைத்த பெயர் ஒன்று என்று இரண்டு உண்டு. கிருஷ்ணமணிக்குப் பட்டறை வைத்த பெயர் தராசு. எந்தப் பொருளையும் வலது கையில் வாங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் வைத்திருந்துவிட்டு எடை சொல்வார். சுத்தியலுக்குப் புதுப்பிடி போட்டுக் கொடுத்தால், "பழசுக்கு இது இருவது கிராம் கூடுதல், கொஞ்சம் செதுக்கிக் குடு" என்பார். யாராவது வம்புக்கென்று அதைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவார்கள். பக்கத்து ஊரான அஞ்சுகிராமத்தில் மளிகைக்கடை வைத்திருந்த முத்துநாயகம், எடைக்கல் பரிசோதிக்க அதிகாரி வந்தால்கூடக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிருஷ்ணமணி பயறு வாங்க வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். பொட்டலம் கைக்குப் போன அடுத்த நொடி "அண்ணாச்சி, பத்து கிராம் கொறவுல்லா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிற மனுஷனிடம் வேறு எப்படி நடந்துகொள்வது?

அந்தக் கையை நம்பித்தான் சுயம்புலிங்கம் தன் பட்டறையில் முகவேலையை அவரிடம் கொடுத்திருந்தார். சிலையில் உடம்பு, கால், பீடம் எல்லாம் கொஞ்சம் பழகியவன் யாரும் செய்யலாம். இப்போது மெஷின் வேறு வந்துவிட்டது, அறுக்கவும் தேய்க்கவும் அதுவே போதும். முகம் மட்டும் இன்றைக்கும் உளிக்கும் சுத்தியலுக்கும்தான். மூக்கு நுனியில் அரிசி அளவு கூடுதலாகப் பெயர்ந்தால் ஆறு மாத வேலை மண்ணோடு மண்ணாகப் போகும். ஒட்டுப்போட்ட சாமியை எந்தக் கோயில்காரன் வாங்குவான்? பதினோரு பேர் வேலை பார்த்த பட்டறையில் முகத்தைத் தொட உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர், முதலாளியும் கிருஷ்ணமணியும். முதலாளிக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு கிருஷ்ணமணி மட்டும்.

அவர் அய்யாவழிக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டிக்கொண்டு தங்கள் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போனால் அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். வாரம் ஆறு நாள் ஊருக்கெல்லாம் சாமி செய்துகொடுத்துவிட்டு ஏழாம் நாள் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறீரே என்று யாராவது சீண்டினால், "அது தொழிலு, இது வழிபாடு" என்று முடித்துவிடுவார். இதில் அவருக்குக் குழப்பம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர், மேசையில் கம்பால் பந்தடித்துக் குழியில் தள்ளுகிற பூல் விளையாட்டுக்குப் போனதற்கும் கல்தான் காரணம். கடற்கரைக்காரரான ஜான்ரோஸ் பதினெட்டு வருஷம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு 2009-இல் ஊரோடு வந்து சேர்ந்தார். கரை இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் மாலுமிகள் கிளப்பில் பூல் ஆடிப் பழகியவர். கையில் இருப்பதை வைத்து ஒரு மினி லாரி வாங்கு என்று மனைவி சொன்னாள். அவர் மேசை வாங்கினார். கொச்சியில் மூடிப்போன ஒரு கிளப்பின் மேசை அது. முத்துநாயகம் கடைக்கு மேல் மாடியை வாடகைக்குப் பிடித்து, அங்கே அதை ஏற்றினார்.

பூல் மேசையின் துணிக்கு அடியில் மரப்பலகை இருக்கும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நல்ல மேசைக்கு அடியில் இருப்பது கல். சிலேட்டுக் கல், மூன்று பலகையாக. ஒவ்வொன்றும் நாலு ஆள் தூக்குகிற கனம். மூன்றாவது பலகை மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் இடித்து மூலை பெயர்ந்துவிட்டது. ஜான்ரோஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கல் உடைந்தால் மயிலாடிக்கு ஆள் விடு என்று முத்துநாயகம் சொல்ல, சுயம்புலிங்கம் கிருஷ்ணமணியை அனுப்பி வைத்தார்.

அவர் மூன்று நாள் வேலை பார்த்தார். பெயர்ந்த இடத்தைப் பசையும் கல்பொடியும் சேர்த்து அடைத்து, தேய்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு அதையும் நம்பாமல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். துணியை இழுத்து மாட்டியதும் ஜான்ரோஸ் பந்துகளை முக்கோணமாக அடுக்கினார். வெள்ளைப் பந்தால் முதல் அடி அடித்து அந்த அடுக்கைக் கலைக்க வேண்டும், அதற்குப் பேர் பிரேக் என்று சொல்லி, "கல்லு போட்டவரு நீரு, மொத அடியும் நீரே அடியும்" என்று கம்பை நீட்டினார். கிருஷ்ணமணி அடித்தார். பதினைந்து பந்தும் பதினைந்து திசைக்குப் போயின. ஒன்று மேசையை விட்டுக் குதித்து, படிவழியாக இறங்கி, முத்துநாயகத்தின் உளுந்து மூட்டையில் போய் உட்கார்ந்தது.

அன்று தொடங்கியது. ஞாயிறு மதியமும் வேலை சீக்கிரம் முடிகிற நாளும் அவர் அங்கே இருப்பார். குழியில் பந்து போடுவதில் சுமார்தான். கோணம் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆனால் பிரேக் அடிக்க அஞ்சுகிராமத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. இரட்டையர் ஆட்டத்தில் அவர் உடைத்துக் கொடுப்பார், ஜான்ரோஸ் பொறுக்கி முடிப்பார். இருவரும் ஒரே வயதுக்காரர்கள், நாற்பத்தைந்துக்குப் பக்கம். சீக்கிரத்தில் 'நீரு' போய் 'நீ' வந்தது, 'மக்கா' வந்தது.

நாலு வருஷத்தில் அவர் கெடுத்த கம்புகளுக்குக் கணக்கில்லை. ஆடுகிற கம்பின் முனையில் தோல் வைத்திருக்கும். சாக்கட்டி தேய்த்தால் பிடித்துக்கொள்ளும், பந்தைச் சுழற்ற வசதி. அதைக் கொண்டு பிரேக் அடித்தால் தோல் நசுங்கிப்போகும். கிருஷ்ணமணி அடித்தால் தோலுக்குக் கீழே உள்ள பூணும் விரிசல் விட்டுவிடும். 2013-இல் நாகர்கோவிலில் ஒரு போட்டி அறிவித்து, இரண்டு பேரும் பெயர் கொடுத்த மறுநாள் ஜான்ரோஸின் சொந்தக் கம்பே போயிற்று. சிங்கப்பூரில் வாங்கியது. அவர் விரிசலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, இனி எனக்க கம்ப வச்சு நீ பிரேக் அடிக்கப்பிடாது."

"பின்ன எத வச்சு அடிக்க? ஒலக்கயக் கொண்டு வரவா?"

"அதுக்குன்னு தனிக் கம்பு உண்டு. மொன கட்டியா இருக்கும், வளையாது. கொச்சில நம்ம மத்தியாசு கடை வச்சிருக்கான். சொன்னா அனுப்புவான்."

கம்பு வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எந்தக் கனத்தில் என்பதில்தான் வந்தது. கிருஷ்ணமணிக்கு அதில் சந்தேகமே கிடையாது. கனம் கூடினால் அடி கூடும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாறையை எலுமிச்சங்காய் கொண்டா உடைக்கிறார்கள்? ஜான்ரோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "சுத்தியலு மேல இருந்து விழும், கனம் சகாயம் செய்யும். கம்பு கெடந்தாக்குல போவணும், கனம் கூடினா கை பிந்திப்போவும். வேகந்தான் மக்கா காரியம்" என்றார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கிருஷ்ணமணி கட்சி. கல் உடைக்கிறவனுக்குத் தெரியாத அடியா கப்பல்காரனுக்குத் தெரியப்போகிறது என்றார்கள். கடைசியில் மத்தியாஸிடம் சொல்லி நாலு கம்பு வரவழைப்பது, அடித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று அவுன்ஸ். அவுன்ஸ் என்றால் இருமல் மருந்துக் கணக்கு என்றுதான் அங்கே பலருக்கும் தெரியும். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இரண்டு எலுமிச்சங்காய் கனம் வித்தியாசம் என்று ஜான்ரோஸ் விளக்கினார்.

"கம்புல உள்ள நம்பர ஒட்டி மறச்சிருதேன். தராசு கையில வாங்கி, எது எதுன்னு சொல்லட்டும். பொறவு அடிக்கட்டும்" என்று அவரே ஒரு வேடிக்கையும் ஏற்பாடு செய்தார். எல்லாருக்கும் உற்சாகம். கிருஷ்ணமணியும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஆனால் அவர் கைக்கு ஏதோ ஆகியிருந்தது. அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன மார்கழியில்தான் முதலில் கண்டார். காலையில் கிரைண்டர் மெஷினைப் பிடித்து அரைமணி நேரம் வேலை செய்துவிட்டுப் பார்த்தால் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. தேய்த்தால் சிவந்தன. பனிக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டார். பனி போயிற்று, விரல் நுனியில் இருந்த மரமரப்பு போகவில்லை. சித்திரையில் ஒரு துவாரபாலகரின் கீழுதட்டில் சுத்தியல் கொஞ்சம் அழுத்தி விழுந்து சில்லு தெறித்தது. யாரும் பார்க்கும் முன்னே உதட்டை ஒரு சுற்று குறைத்து இழைத்துவிட்டார். அந்தத் துவாரபாலகர் இப்போதும் ஏதோ ஒரு கோயில் வாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு வந்த இரண்டும் பிள்ளையார். பிள்ளையாருக்குத் தும்பிக்கை, மெல்லிய மூக்கு கிடையாது. கிருஷ்ணமணி தப்பித்தார்.

உள்ளூரில் வைத்தியம் பார்த்தால் மறுநாளே பட்டறைக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு பஸ் மாறி, கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் போனார். ஆசான் விரல் நுனிகளைக் குத்திப் பார்த்துவிட்டு, "மெஷினுக்க துடிப்பு நரம்புல கேறிப்போச்சு. ரெண்டு வருசம் அதத் தொடப்பிடாது. தொட்டா என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது" என்றார். தைலம் ஒரு பாட்டில் கொடுத்தார். வீட்டில் வாசம் வருமே? மனைவி முத்துக்கனியிடம், முட்டுவலிக்கு என்று சொல்லிவிட்டார். சொன்னதற்காக முட்டிலும் தினம் பூசிக்கொண்டார். ஒரு கேடும் இல்லாத முட்டு, பளபளவென்று ஆயிற்று.

பயந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று அல்ல. சுயம்புலிங்கம் அப்படி விரட்டுகிற ஆள் இல்லை, பீடத்துக்குப் பாலிஷ் போட உட்கார்த்தி வைப்பார். அதுதான் பயம். இருபத்தைந்து வருஷம் சாமிக்கு முகம் வைத்தவன் அந்தச் சாமிக்கே காலடிப் பலகையைத் தேய்த்துக்கொண்டு, முகத்தை இன்னொருவன் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

பட்டறையில் இப்போது ஓர் அம்மன் நின்றது. கிழக்கே ஒரு கோயிலுக்கு, தையில் கும்பாபிஷேகம். உடம்பெல்லாம் முடிந்து, முகம் மட்டும் மொழுக்கென்று முட்டைபோல் இருந்தது. ஞானதாசன் என்ற முப்பது வயதுக்காரன்தான் உடம்பு வேலை முழுவதும் செய்தவன். நல்ல வேலைக்காரன், முகம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தவன். கிருஷ்ணமணி முகத்தைத் தொடங்காமல் மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தார். முதல் முறை அமாவாசை, இரண்டாம் முறை வயிற்றுப்போக்கு, மூன்றாம் முறை உளி சரியாகக் கூரேறவில்லை. சுயம்புலிங்கம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, "வாற திங்கக்கெளம மூக்கு தொறக்கோம். நாளு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டார். முகத்தில் முதல் உளி மூக்கில்தான் விழும்.

கம்புகள் கொச்சியிலிருந்து பஸ் பார்சலில் வந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. ஞாயிறு மதியம் சோதனை. அன்று காலை நிழல்தாங்கலில் கண்ணாடி முன் நிற்கும்போது கிருஷ்ணமணி மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தார். பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் சிவப்பு வந்தால் ஆகும், வெள்ளை வந்தால் ஆகாது என்று வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. நாலு கம்பில் கனம் கூடினதை மட்டுமாவது கை சொல்லிவிட்டால் நாளை அம்மன் மூக்கைத் தொடுவது. சொல்லாவிட்டால் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது.

மாடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். கடையைப் பாதி சாத்திவிட்டு முத்துநாயகமும் வந்திருந்தார். மேசைமேல் நாலு கம்பு, நாலும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. நம்பர் இருந்த இடத்தில் ஜான்ரோஸ் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்.

கிருஷ்ணமணி முதலாவதைக் கையில் வாங்கினார். ஒரு மூச்சு. கீழே வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. பார்த்தவர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள், தராசு வேலை செய்வதைப் பார்க்கிறோம் என்று. கிருஷ்ணமணிக்கோ நாலும் ஒன்றாகத்தான் இருந்தன. முன்பெல்லாம் பொருளை வாங்கியதும் உள்ளங்கையில் ஒரு சொல் வந்து உட்காரும், வாய் அதைச் சொல்லும். இப்போது ஒன்றும் வரவில்லை. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். முதுகில் வியர்த்தது.

அப்போதுதான், யோசித்துச் செய்ததல்ல, முதல் கம்பை இடக்கையின் இரண்டு விரலில் தொங்கவிட்டு, வலக்கை முட்டியால் தட்டினார். கல் எடுக்கப் போகிற இடத்தில் அவர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. தட்டினால் மணிபோல் கணீரென்று வந்தால் இறுகின கல், கனத்த கல். மொத்தென்று வந்தால் உள்ளே பொடிந்தது, கனமும் குறைவு. மயிலாடியில் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், தானாகவே வந்துவிடும். மற்ற கம்புகளையும் அப்படியே தட்டினார். மூன்று மொத்தென்றன. மூன்றாவதாக இருந்த ஒன்று மட்டும் கணீரென்று, தட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பாடியது.

அவருக்கு உயிர் வந்தது. அந்தக் கம்பைத் தூக்கிப் பிடித்து, "இதுதாம் கனம் கூடினது. இருவத்தொண்ணு" என்றார்.

"உறுதியா?"

"எடுத்து வை பந்த."

ஜான்ரோஸ் பந்தை அடுக்கினார். கிருஷ்ணமணி குனிந்து, கம்பை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டி, அடித்தார். அப்படி ஒரு பிரேக் அந்த மாடியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சத்தமே வேறு. அடுக்கு சிதறி, மூன்று பந்து மூன்று குழியில் விழுந்தது. வெள்ளைப் பந்து மட்டும் நடு மேசையில் வந்து, இனி என்ன என்பதுபோல் நின்றது. எல்லாரும் கத்தினார்கள். "பாத்தியா ஜான்ரோசு, கனம் கூடினா அடி கூடும்னு சொன்னமா இல்லியா" என்று ஒருத்தன் குதித்தான். ஜான்ரோஸ் கம்பை வாங்கி டேப்பைப் பிரித்தார்.

பதினெட்டு.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜான்ரோஸ் மற்ற மூன்றையும் பிரித்தார். இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது. பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது. பதினெட்டின் அடிப்பக்க ரப்பரைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த வெறும் துளையை எல்லாருக்கும் காட்டினார். மற்ற மூன்றிலும் அந்தத் துளைக்குள் இரும்புத் திருகு போட்டு எடை ஏற்றியிருந்தது. இதில் இரும்பே இல்லை. வெறும் மரம், அதனால்தான் பாடியிருக்கிறது. கல்லுக்குச் சரியான கணக்கு, கம்புக்குத் தலைகீழ். இதைக் கிருஷ்ணமணி ஒருவர்தான் அந்தக் கணத்தில் புரிந்துகொண்டார்.

மற்றவர்களுக்கு ஜான்ரோஸே விளக்கம் சொன்னார். "லேய், இவனுக்க குசும்பப் பாத்தியளா! கனம் கொறஞ்சதுதாம் நல்லதுன்னு கையில எடுத்ததும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கிட்ட தோக்க மனசில்லாம இருவத்தொண்ணுன்னு சொல்லி அடிச்சிட்டான். நம்ம அத்தன பேரயும் முட்டாளாக்கிட்டான் பாத்துக்கிடுங்க." சிரிப்பில் மாடி அதிர்ந்தது. முதுகில் தட்டினார்கள். ஏத்தம்பழ பஜ்ஜி வரவழைத்தார்கள். கிருஷ்ணமணியும் சிரித்தார். சிரிப்பதைத் தவிர வேறு வழியை யாரும் அவருக்கு விட்டுவைக்கவில்லை.

அந்தப் பதினெட்டைத்தான் எடுத்தார்கள். 'தராசு கம்பு' என்று பேர் எழுதி இப்போதும் அங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றது கம்பின் குற்றமல்ல, ஜான்ரோஸ் எட்டாம் நம்பர் பந்தைத் தப்பான குழியில் போட்டுவிட்டார்.

படி இறங்கும்போது முத்துநாயகம் மட்டும் பின்னாலேயே வந்தார். "அண்ணாச்சி, வெளையாட்டுக்குத்தான் எடய மாத்திச் சொன்னியளா?"

"பின்ன?"

"இல்ல, பத்து கிராமுக்கு எனக்க மானத்த வாங்குத மனுசன், வெளையாட்டுக்குக்கூட எட தப்பாச் சொல்லி நாம் கேட்டதில்ல. அதாம்." அதோடு அவர் கடைக்குள் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது கிருஷ்ணமணி தனக்குச் சாதகமாக ஒரு வழக்கு நடத்திப் பார்த்தார். கனம் கூடினதைக் கை சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் நாலில் நல்லதை எடுத்துவிட்டதே? எடை தப்பானாலும் கம்பு தப்பவில்லையே? அய்யாவே காட்டிக் கொடுத்தார் என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? மயிலாடி நிறுத்தம் வருவதற்குள் பாதி ஜெயித்தும்விட்டார். நாளை கையோடு காதையும் சேர்த்து வைத்துக்கொண்டால் மூக்கைச் செய்துவிடலாம் என்று தோன்றியது.

வீட்டில் முத்துக்கனி கருப்பட்டிக் காப்பி போட்டு சில்வர் தம்ளரில் கொண்டுவந்தாள். முந்தானையைச் சுற்றித் தம்ளரைப் பிடித்திருந்தவள் அதை நீட்டினாள். அவர் வாங்கி, பிடித்துக்கொண்டே பிரேக் கதையைச் சொன்னார். மூன்று பந்து விழுந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், கண் தம்ளர்மேல் இருந்தது.

"ஏங்க, சூடு தெரியல்லியா?"

"என்னது?"

"காப்பி. அடுப்புலருந்து எறக்கி அப்படியே கொண்டாந்தேன். என்னால சேலய சுத்தாமப் பிடிக்க முடியல்ல."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். விரலைப் பார்த்தார். சிவந்திருந்தது.

"மார்கழிலருந்து இப்பிடித்தாம் பிடிக்கிய. நாமளாச் சொல்லப்பிடாது, நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த முட்டு எண்ணெயயும் நிறுத்துங்க. நல்ல முட்டு வழுக்கிக் கிழுக்கி விழுந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காப்பி ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அம்மனுக்குப் பூ சுற்றி, கற்பூரம் காட்டியிருந்தார்கள். ஞானதாசன் உட்பட எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள், மூக்கு திறக்கிற நேரத்தில் மெஷின் ஓடக் கூடாது என்பது அந்தப் பட்டறை வழக்கம். சுயம்புலிங்கம் தாம்பாளத்தில் உளியும் சுத்தியலும் வைத்து நீட்டினார். கிருஷ்ணமணி எடுக்கவில்லை.

"மொதலாளி, எனக்கு இப்பம் கை சரியில்ல. எட தெரிய மாட்டேங்கு. மொகத்த ஞானதாசன் பாக்கட்டும்."

சுயம்புலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அஞ்சுகிராமத்துக் கதை காலையிலேயே பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தது. "நேத்து அங்க நடத்தின நாடகத்த இன்னிக்கு இங்க நடத்துதியா? பதினெட்ட இருவத்தொண்ணுன்னு சொன்ன பயதான நீ" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நாடகம் இல்ல மொதலாளி."

"செரி, இந்தா, இது எத்தனன்னு சொல்லு." பக்கத்தில் கிடந்த ஒரு சுத்தியலை எடுத்து அவர் கையில் வைத்தார். யாருடையதோ, புதுசு, கிருஷ்ணமணி முன்னே தொட்டதில்லை.

கிருஷ்ணமணி அதை உள்ளங்கையில் வைத்திருந்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. இரும்பின் சத்தம் அவருக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். நகத்தால் ஒரு தட்டு தட்டினால் போதும், கல்லைப்போல இரும்பும் பொய் சொல்லாது, ஐம்பது கிராம் முன்னே பின்னே சொல்லிவிடலாம். இடது கை விரல் தானாகவே சுத்தியல் பக்கம் போயிற்று. அதை மடக்கி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"தெரியல்ல மொதலாளி."

அந்த வார்த்தையை அந்தப் பட்டறையில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சுயம்புலிங்கம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார், மிச்சத்தையும் சொல்லுவான் என்று. கிருஷ்ணமணி சுத்தியலை நீட்டிக்கொண்டே நின்றார். முதலாளியின் சிரிப்பு மெல்ல அடங்கியது; அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.